யார் கணக்கில் எழுதுவது? மெக்சிகோவின் கோதுமைத் திடல்களில் ஆறு நாள்

முதல் நாள்: எல் பத்தான்

பதினொரு ஆண்டுகளாக நான் கோதுமையை எண்களாகவே பார்த்து வந்திருக்கிறேன். ஒரு நிரலில் ரகத்தின் எண், அடுத்ததில் பாத்தி எண், அதற்கடுத்ததில் ஹெக்டேருக்கு இத்தனை டன். விளைச்சல் சோதனைகளின் புள்ளிவிவரத்தைப் பகுத்துக் கொடுப்பது என் வேலை. மரபுக்கு இத்தனை பங்கு, சூழலுக்கு இத்தனை, இரண்டும் சேர்ந்து செய்யும் இடைவினைக்கு இத்தனை என்று பிரித்து அனுப்புவேன். அந்த எண்கள் முளைத்த மண்ணை ஒரு தடவையும் மிதித்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த மார்ச் மாதப் பயணம்.

உடன் வந்திருப்பவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோதுமை ரகங்களை உருவாக்கி ஓய்வு பெற்றவர். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். விமானத்தில் ஏறிய உடனேயே கேட்டுவிட்டார்: “ஒரு பாத்தி ஏழு டன் விளைந்தது என்று வைத்துக்கொள் தம்பி. அதை யார் கணக்கில் எழுதுவாய்?” சூத்திரம் இருக்கிறது என்றேன். “சூத்திரம் எனக்கும் தெரியும். பாத்தியின் முன்னால் நின்று சொல்” என்றார்.

தெஸ்கோகோ நகரத்தை ஒட்டிய எல் பத்தானில்தான் சிம்மிட் எனப்படும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தின் தலைமையகம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மரபு வங்கியின் குளிரறையில், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோதுமை மாதிரிகள் உறங்குகின்றன. உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குட்டையா நெட்டையா, வறட்சியைத் தாங்குமா, துருநோய் என்ற பூஞ்சை நோய்க்கு மடங்குமா என்று உறையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கோதுமையின் மரபுத்தொகுதி (ஜீனோம்) மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு பெரியது. மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதிகள் ஒரே செடியில் சேர்ந்து, 21 இணை நிறப்புரிகளாக, அதாவது குரோமோசோம்களாக, உட்கார்ந்திருக்கின்றன. அதன் முழுமையான வரிசை வரைபடம் 2018-இல்தான் வெளிவந்தது. அந்த வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் இந்த விதை ஒரு வயலில் எத்தனை டன் கொடுக்கும் என்று தெரியாது. எந்த வயல் என்று முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள்: டொலூக்கா

வெறும் நிலத்தைப் பார்க்க வந்தோம். இங்கே விதைப்பு மே மாதத்தில்தான். இப்போது உழுத மண்ணும், போன பருவத்தின் தாள்கட்டையும், தொலைவில் எரிமலை மலையும் மட்டுமே. ஐயா அந்த வெற்று நிலத்தில் அரை மணி நேரம் நடந்தார். எனக்கு முதலில் புரியவில்லை.

பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் கோதுமை அறிஞர் நார்மன் போர்லாக் 1944-இல் மெக்சிகோவுக்கு வந்தார். துருநோய் கோதுமையை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று போனால் ஒரு ரகம் உருவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அவர் இரண்டு இடங்களைப் பிடித்தார். குளிர்காலத்தில் வடமேற்கே சொனோராவின் யாக்கிப் பள்ளத்தாக்கு, கடல்மட்டத்திலிருந்து நாற்பது மீட்டர்கூட இல்லாத பாசன நிலம். கோடையில் இந்த டொலூக்கா, 2,600 மீட்டர் உயரம், விடாத மழை. இரண்டுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே அறுத்த விதையை இங்கே விதைப்பது, இங்கே அறுத்ததை மீண்டும் அங்கே கொண்டுபோவது. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை கிடைத்தது.

ஒரு ரகத்தை எங்கே பயிரிடப் போகிறோமோ அங்கேயேதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் உறுதியாக நம்பினார்கள். அதனால் இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. காலத்தை மிச்சப்படுத்தத்தான் போர்லாக் இதைத் தொடங்கினார். வேறொரு பலன் எதிர்பாராமல் வந்து சேர்ந்தது. யாக்கியில் நவம்பரில் விதைக்கும்போது பகல் குறுகிக்கொண்டு போகிறது. டொலூக்காவில் மே மாதத்தில் விதைக்கும்போது பகல் நீள்கிறது. பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கும் செடிகள் இரண்டில் ஓர் இடத்தில் பின்தங்கின. இரண்டிலும் தேறியவை பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. இன்று அதற்கு ‘பிபிடி-டி1ஏ’ என்று மரபணுப் பெயர் இருக்கிறது, 2டி நிறப்புரியில் இருக்கிறது. அன்று அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதைச் சலித்தெடுத்தது இந்த மழையும் அந்த வெயிலும்தான். அப்படிச் சலித்த ரகங்கள்தாம் இந்தியா, பாகிஸ்தான், துருக்கி என்று வெவ்வேறு அட்சரேகைகளில் பரவ முடிந்தது.

இங்கே இன்னொரு சல்லடையும் உண்டு. மஞ்சள் துரு, செப்டோரியா இலைக்கருகல் இரண்டும் டொலூக்காவின் ஈரத்தில் வெறியோடு பரவும். யாக்கியில் பச்சைப்பசேலென்று நின்ற வரிசை இங்கே ஒரு மழைக்காலத்தில் கருகிப்போகும். “எத்தனை பிள்ளைகளை இந்த மண்ணில் கைவிட்டேன் தெரியுமா” என்றார் ஐயா. அவர் இளம் வயதில் இங்கே பயிற்சிக்கு வந்தவர். இரண்டாவது தடவையாக அந்தத் தாள்கட்டைகளை நான் பார்த்தபோது, என் கணினியில் விடுபட்ட மதிப்பு என்று வெறுமையாகக் கிடக்கும் கட்டங்கள் நினைவுக்கு வந்தன.

மூன்றாம் நாள்: சியுதாத் ஒப்ரெகோன்

பயண நாள். யாக்கிப் பள்ளத்தாக்கின் நகரம் இது. விமானம் இறங்கும்போது சன்னலிலிருந்து பார்த்தால் பழுப்பு, பழுப்பு, பிறகு கத்தியால் வெட்டியதுபோல் பச்சை. ஆண்டு மழை 300 மில்லிமீட்டர் அளவுதான், அதுவும் பெரும்பாலும் கோடையில். கோதுமைப் பருவத்தில் வானம் கைகொடுக்காது. யாக்கி நதியின் அணைநீர்தான் எல்லாம். மாலையில் போய்ச் சேர்ந்ததால் திடலைப் பார்க்கவில்லை. தூங்கவும் முடியவில்லை.

நான்காம் நாள்: ஒரே திடலில் நான்கு தேசம்

போர்லாக்கின் பெயர் தாங்கிய ஆய்வுத் திடலுக்குள் காலை ஆறரைக்கே போய்விட்டோம். இன்று பார்த்ததை எழுத இந்தப் பக்கம் போதாது.

முதலில் முழுப்பாசனப் பகுதி. நவம்பர் கடைசியில் விதைத்து, பருவம் முழுக்க ஐந்து தண்ணீர் கட்டுகிறார்கள். 80 செ.மீ. அகலத்தில் மேட்டுப்பாத்திகள். இப்போது பால் பிடிக்கும் பருவம். கதிர்கள் ஒரே உயரத்தில், மேலே ஒரு பலகையை வைத்தால் நிற்கும்போல் சமமாக இருந்தன. இந்த உயரத்தின் வரலாறு ஜப்பானிலிருந்து வருகிறது. 1935-இல் அங்கே வெளியிடப்பட்ட நோரின் 10 என்ற குட்டை ரகம், போருக்குப் பின் 1946-இல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஆர்வில் வோகல் என்ற கோதுமைப் பயிர்ப்பெருக்க அறிஞர் அதைக் கலப்புச் செய்தார். அந்த விதை போர்லாக்கிடம் வந்து, 1962-இல் பிடிக் 62, பென்ஹாமோ 62 ஆகிய ரகங்களாக வெளிவந்தது. உரமும் நீரும் கொடுத்தால் பழைய நெட்டைக் கோதுமை சாய்ந்துவிடும். இது சாயவில்லை. தண்டுக்குப் போக வேண்டிய உணவு மணிக்குப் போனது. இரண்டு குட்டை மரபணுக்கள், 4பி நிறப்புரியில் ஒன்றும் 4டி-யில் ஒன்றும்.

அடுத்த பகுதிக்கு நூறடி நடந்தோம். அதே ரகங்கள், அதே விதைப்பு நாள், ஆனால் தண்ணீர் மிகக் குறைவு. முழங்காலைத் தாண்டாத பயிர். இலைநுனிகள் காய்ந்துவிட்டன. முன்கூட்டியே பூத்துவிட்ட வரிசைகள் மட்டும் ஓரளவு மணி கட்டியிருந்தன, நீர் தீருமுன் வேலையை முடித்துக்கொண்டவை. முழுப்பாசனத்தில் நான் வியந்த ஒரு ரகத்தின் எண்ணை இங்கே தேடிப்பிடித்தேன். மெலிந்த கதிர்கள், பாதி மணி பொக்கு. அங்கே நடுத்தரமாக நின்ற இன்னொன்று இங்கே தலைநிமிர்ந்திருந்தது.

இந்தத் தரவரிசை மாற்றத்தைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக இடைவினை என்று ஒரு சொல்லில் எழுதிவந்திருக்கிறேன். எல்லா ரகமும் வறட்சியில் ஒரே அளவு குறைந்தால் அது சூழலின் பங்கு மட்டும். அண்ணன் தம்பியாகி, தம்பி அண்ணனாகிவிட்டால் அதுதான் சிக்கல். அப்போது ‘சிறந்த ரகம் எது’ என்ற கேள்வியே தவறு.

மூன்றாவது பகுதி என்னை அதிகம் உலுக்கியது. பிப்ரவரிக் கடைசியில் விதைத்த பாத்திகள். பக்கத்தில் பால் பிடித்த கதிர்கள் நிற்க, இவை இப்போதுதான் தூர்கட்டத் தொடங்கியிருக்கின்றன. ஏப்ரல் கடைசியில், வெயில் தகிக்கும்போது, இவை பூக்க வேண்டும். வேண்டுமென்றே அவற்றை வெப்பத்துக்குள் தள்ளியிருக்கிறார்கள். வெப்பம் பயிரை விரட்டுகிறது. பருவங்கள் சுருங்குகின்றன, இலை குறைகிறது, மணி குறைகிறது. மணி நிரம்பும் காலத்தில் 15 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மணியின் எடை ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம் குறைகிறது. தெற்காசியாவின் சூடான வயல்களுக்கு எந்த ரகம் தாங்கும் என்று இந்தச் சிறு நாற்றுகளிடம் கேட்கிறார்கள். நல்ல நீர், வறட்சி, வெப்பம், உழுது தளர்த்தாத தட்டை நிலம் என்று ஒரே வேலிக்குள் நான்கு தேசங்கள். அட்சரேகை ஒன்று, மண் ஒன்று, வானம் ஒன்று. தண்ணீரையும் நாட்காட்டியையும் உழவையும் மாற்றியே இத்தனையையும் உண்டாக்கியிருக்கிறார்கள்.

‘விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா’ என்று நம்மவர் சொல்வது உண்மைதான். ஆனால் எத்தனை காய் காய்க்கும் என்பதை அந்தப் பழமொழி சொல்லவில்லை.

குட்டை மரபணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். நீரும் உரமும் உள்ள இடத்தில் அது வரம். ஆனால் அதே மரபணு முளையுறையையும் குட்டையாக்குகிறது. ஈரம் ஆழத்தில் மட்டும் இருக்கும் வறண்ட நிலத்தில் ஆழமாக விதைத்தால், முளை மண்ணைத் துளைத்து மேலே வரத் திணறுகிறது. ஒரே எழுத்து, இரண்டு வயல்களில் இரண்டு பொருள். இதை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். பொக்கு மணியை விரலில் நசுக்கிய பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

ஐந்தாம் நாள்: வரப்பின் பொய், இரவின் கடன்

காலையில் ஐயா எனக்கு ஒரு தேர்வு வைத்தார். முழுப்பாசனச் சோதனையில் முப்பது பாத்திகளைக் காட்டி, முதலிடம் எதற்கு என்றார். கம்பீரமாக நின்ற ஒன்றைச் சொன்னேன். “அது வழிப்பாதையின் ஓரம். பக்கத்தில் பயிரில்லை, ஒளியும் நீரும் இரட்டிப்பாகக் கிடைக்கிறது. உள்ளே வந்து பார்” என்றார். உள்வரிசை சாதாரணமாகத்தான் இருந்தது. அறுவடையின்போது பாத்தியின் நுனிகளை வெட்டி ஒதுக்குவதன் காரணம் இதுதான். ஓரம் பொய் சொல்லும்.

ஓரம் மட்டுமல்ல, நிலமே சீராக இல்லை. வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைமடைவரை ஈரம் மாறுகிறது, சில இடங்களில் மண் இறுகியிருக்கிறது. ஒரே ரகத்தின் இரண்டு பாத்திகள் பத்து மீட்டர் இடைவெளியில் வெவ்வேறு நிறத்தில் நின்றன. அதனால்தான் ஒவ்வொரு ரகத்தையும் இரண்டு மூன்று தடவை, சீட்டுக் குலுக்கியதுபோல் இடம் மாற்றி விதைக்கிறார்கள். 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷருக்கு முன்னால் அங்கே பல பத்தாண்டுகளாகக் கோதுமை விளைச்சல் பதிவுகள் குவிந்திருந்தன. அவற்றோடு மல்லாடித்தான் மாறுபாட்டைப் பகுக்கும் முறையையும் இந்தக் குலுக்கலையும் அவர் உருவாக்கினார். என் பிழைப்பே அந்த வயலிலிருந்து வந்தது.

பல இடங்களில் செய்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், விளைச்சல் மாறுபாட்டில் பெரும்பாலும் ஐந்தில் நான்கு பங்கு இடமும் ஆண்டும் சேர்ந்து செய்வது. மரபும் இடைவினையும் மீதியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பயிர்ப்பெருக்கம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. மழையை விவசாயி தேர்ந்தெடுக்க முடியாது, விதையை முடியும். ஆனால் அந்தச் சிறு பங்கை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுக்க வேண்டுமே. செடியின் உயரம், மணியின் எடை போன்றவற்றை ஒரு வயலில் பார்த்தே ஓரளவு நம்பலாம், அவற்றின் பரம்பரைத் திறன், அதாவது மாறுபாட்டில் மரபின் பங்கு, அதிகம். விளைச்சல் அப்படியல்ல. அது நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் பருவம் முழுக்கச் சூழலோடு மோதி முடிந்த கணக்கு. ஓரிடத்தில் பாத்திகளை மேலும் மேலும் கூட்டினால் அந்த இடத்தைப் பற்றிய அறிவுதான் கூடும். இடங்களையும் ஆண்டுகளையும் கூட்டினால்தான் இடைவினையின் பங்கு சராசரியில் கரையும். செலவைக் காரணம் காட்டி இடங்களைக் குறைத்துப் பாத்திகளைக் கூட்டும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்று இன்னும் அதிகமாக இருக்கிறது.

பிற்பகலில் அகச்சிவப்பு வெப்பமானியைக் கையில் கொடுத்தார்கள். துப்பாக்கி போன்ற சிறு கருவி. வெயில் உச்சியில், காற்று அடங்கியிருக்கும்போது பயிரின் மேல்பரப்பை நோக்கிப் பிடித்தால் அதன் வெப்பநிலை தெரியும். குறைநீர்ப் பகுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளுக்கு இடையே ஒன்றரை டிகிரிக்கும் மேல் வித்தியாசம். குளிர்ந்த பாத்தியின் வேர் ஆழத்திலிருந்து நீரை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, இலைத்துளை திறந்திருக்கிறது, செடிக்கு வியர்க்கிறது. மண்ணைத் தோண்டாமலே வேரின் சேதி மேலே வந்துவிடுகிறது. 1962 முதல் 1988 வரை வெளியான எட்டு ரகங்களை இந்தப் பள்ளத்தாக்கில் பக்கம்பக்கமாக விதைத்துப் பார்த்தபோது, விளைச்சல் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.9 சதவீதம் கூடியிருந்தது. புதிய ரகங்களின் பயிர்ப்பரப்பு பழையவற்றைவிடக் குளிர்ந்தும் இருந்தது. பழையதும் புதியதும் ஒரே ஆண்டில், ஒரே மண்ணில் நின்றதால் அந்த 0.9 சதவீதத்தை மரபின் கணக்கில் தயங்காமல் எழுதலாம்.

விவசாயிகளின் வயலில் கணக்கு அத்தனை எளிதல்ல என்று ஐயா மாலையில் சொன்னார். மணி எத்தனை பிடிக்கும் என்பது பூப்பதற்கு இருபது நாள் முன்னிருந்து பத்து நாள் பின்வரை முடிவாகிறது. அந்த நாட்களில் வெயில் நிறைய, வெப்பம் குறைய என்றிருந்தால் மணி பெருகும். இரவு குளிர்ந்தால் பயிர் சேர்த்த உணவைச் சுவாசத்தில் இழப்பது குறையும், பருவமும் நீளும். 1980-களின் கடைசியிலிருந்து யாக்கியில் விளைச்சல் ஏறிக்கொண்டே போனதை ஆராய்ந்தவர்கள், அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி அந்தப் பருவத்து இரவுகள் குளிர்ந்துவந்ததோடு பொருந்துகிறது என்று கண்டார்கள்.

“அந்த ஆண்டுகளில் எங்களுக்கு எத்தனை பாராட்டு தெரியுமா தம்பி. எங்கள் ரகம், எங்கள் உழைப்பு என்று நாங்களும் நம்பினோம். பாதி கணக்கு இரவினுடையது.”

அவர் முகத்தைப் பார்க்காமல் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள்: ஒப்ரெகோன், புறப்பாடு

இந்தத் திடலில் தேறியவற்றிலிருந்து சிறிய விதை உறைகள் உலகின் பல நாடுகளுக்குச் சோதனைத் தொகுப்பாகப் போகின்றன. அந்தந்த இடத்தார் தங்கள் உள்ளூர் ரகம் ஒன்றையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்து விதைத்து, எண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த எண்கள்தாம் என் மேசைக்கு வருபவை. ‘அறுவடைக்கு முன் ஆலங்கட்டி மழை’, ‘இரண்டாம் தண்ணீர் தாமதம்’ என்று ஓரத்தில் யாரோ எழுதியிருப்பார்கள். இதுவரை அந்தக் குறிப்பு நிரலை நீக்கிவிட்டுத்தான் பகுப்பாய்வைத் தொடங்குவேன். இனிமேல் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

விடியுமுன் கடைசியாக ஒரு தடவை திடலுக்குப் போனோம். முழுப்பாசனச் சோதனையில் இந்த முறை உள்வரிசைகளாகப் பார்த்து நடந்தேன். எனக்குப் பட்ட பாத்தி எண்ணை என் நோட்டில் எழுதினேன். ஐயா தன் எண்ணை அதற்குக் கீழே எழுதினார். இரண்டும் வேறு. அறுவடை ஏப்ரல் கடைசியில்தான்.

“யார் கணக்கில் எழுதுவாய்” என்ற கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. வாயிலுக்குப் போகும் வழியில் வானிலைக் கூண்டைத் திறந்து பார்த்தோம். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 9 டிகிரி. இரண்டு பாத்தி எண்களுக்கும் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டேன்.